சென்னை ஃபுட்பால் லீக் மேட்ச்ல பாத்து இன்னும் மனச விட்டு போகாத ஒரு விஷயம் சொல்லுங்க

பெரியமேடு கேலரி:
நானே ஆரம்பிக்கிறேன். நேரு ஸ்டேடியம், வார நாள், மத்தியானம் மூணரை மணி, சீனியர் டிவிஷன் மேட்ச். கேலரில நாப்பது பேர் இருந்தா அதிகம். ஒரு பக்கம் அரசாங்க டிபார்ட்மென்ட்ல வேலை பாக்கறவங்க டீம், இன்னொரு பக்கம் லோக்கல் க்ளப். க்ளப் டீம்ல ரைட் விங் ஆடின பையனுக்கு பத்தொம்பது வயசு இருக்கும், எதிர்ல லெஃப்ட் பேக் ஆடினவரு முப்பத்தஞ்ச தாண்டினவரு, பையன் அவர ஃபர்ஸ்ட் ஹாஃப் பூரா சுத்தி சுத்தி போறான், அவரால ஒண்ணும் பண்ண முடியல. மேட்ச் முடிஞ்சதும் அவர் நேரா அந்த பையன்கிட்ட போனாரு. ஏதோ திட்டப் போறாருன்னு நெனச்சோம். "தம்பி, எது வரைக்கும் படிச்சிருக்க?"ன்னாரு. பையன் "டென்த் பாதில நின்னுட்டேண்ணே"ன்னான். அவர் அப்படியே கொஞ்ச நேரம் நின்னாரு, அப்புறம் "இந்த வருஷமே பரீட்சை எழுது, எழுதிட்டு என்னைய வந்து பாரு"ன்னு நம்பர் குடுத்தாரு. ஸ்போர்ட்ஸ் கோட்டால வேலைக்கு எடுக்க எவ்ளோ ஆட்டம் இருந்தாலும் சர்டிஃபிகேட் வேணும்ல. அந்த பையன் எழுதினானா இல்லையான்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியாது. அதான் உறுத்துது.

வியாசை லெஃப்ட் ஃபுட்:
இதே மாதிரி பையன் எங்க வியாசர்பாடில தெருவுக்கு ஒருத்தன் இருக்கான். மினி பிரேசில்னு பேப்பர்ல எழுதுறாங்க, சந்தோஷம் தான், ஆனா பசங்க எங்க மாட்டிக்கிறாங்கன்னு யாரும் எழுதுறதில்ல. நான் பாத்தது கீழ் டிவிஷன் மேட்ச், நேரு பார்க்ல. ஒருத்தன் ஃபுல் கிட் போட்டு, ஷின் கார்டு கட்டி பெஞ்ச்ல உக்காந்திருக்கான். அவனோட பழைய க்ளப் என்.ஓ.சி. தரல, அதான் வேற க்ளப்புக்கு ஆட ஆட்சேபணை இல்லன்னு குடுக்கற லெட்டர், அதனால பேரு லிஸ்ட்ல இல்ல. எல்லாருக்கும் இது தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனா ஹாஃப் டைம்ல எழுந்து போயி லைனுக்கு வெளிய வார்ம் அப் பண்ணான் பாருங்க, இறங்கப் போற மாதிரியே. கோச் அவன பாக்காம வேற பக்கம் திரும்பிக்கிட்டாரு. நாங்க அந்த மேட்ச் ஜெயிச்சோம், எனக்கு ஸ்கோர் கூட ஞாபகம் இல்ல.

ஹௌரா மெயில்:
ரெண்டு பேர் சொன்னதும் கஷ்டமா தான் இருக்கு, ஆனா ஒண்ணு சொல்றேன், சென்னை லீக்ல பிரச்சனையே பாக்க ஆள் இல்லாதது தான். நான் கல்கத்தால வேலை பாத்தப்ப மழைல மைதான்ல மேட்ச் பாத்திருக்கேன். 1898ல ஆரம்பிச்ச லீக் அது, ஆசியாலயே பழசுன்னு சொல்வாங்க. முதல்ல எல்லாம் வெள்ளைக்கார டீமுங்க தான் ஜெயிக்கும், 1934ல முகமதன் ஸ்போர்ட்டிங் தான் முதல் முதலா ஜெயிச்ச இந்திய க்ளப், அதுக்கப்புறம் 1938 வரைக்கும் விடவே இல்ல, அஞ்சு வருஷம் தொடர்ச்சியா. மோகன் பகானுக்கே 1939ல தான் முதல் லீக் கெடச்சுது. ஒரு நாள் பக்கத்துல உக்காந்திருந்த பெரியவர் எந்த ஊருன்னு கேட்டாரு, மெட்ராஸ்னேன். உடனே "ராமன் விஜயன்!"னு கைய புடிச்சுக்கிட்டாரு. 1997-98 தேசிய லீக்ல அதிக கோல் அடிச்சவரு அவரு தான். அந்தப் பேர நம்ம ஊர்ல எத்தன பேர்கிட்ட சொன்னா தெரியும்?

ஐசிஎஃப் காலனி:
ஹௌரா ப்ரோ, கூட்டத்த வச்சு ஒப்பிடாதீங்க. அங்க க்ளப்புக்கு மெம்பர் இருக்கான், பரம்பரையா ஒரே கலர் கொடி புடிக்கிறவன் இருக்கான். இங்க லீக்க தூக்கி நிறுத்தினது ஆஃபீஸ் டீமுங்க: ஐசிஎஃப், சதர்ன் ரயில்வே, ஏஜிஎஸ் ஆஃபீஸ், கஸ்டம்ஸ், இன்கம் டாக்ஸ், ரிசர்வ் பேங்க், இந்தியன் பேங்க். இந்தியன் பேங்க் தேசிய லீக் வரைக்கும் போயி ஆடின டீம். வேலைக்கு ஆள் எடுக்கறது கொறைய கொறைய இந்த டீமுக்கெல்லாம் வயசாயிடுச்சு. முதல் போஸ்ட்ல வந்த லெஃப்ட் பேக் முப்பத்தஞ்சு தாண்டியும் ஏன் ஆடுறாருன்னு நெனைக்கிறீங்க? அவருக்கு அப்புறம் யாரையும் எடுக்கல. நான் அதே மாதிரி ஒருத்தர் பூட்ஸ் கழட்டும்போது முட்டில ஐஸ் கட்டிக்கிட்டு நைட் ஷிஃப்ட் கெளம்புறத பாத்தேன், என் கதை அவ்ளோ தான்.

பெத்தவங்க யாராச்சும் இந்த போஸ்ட்ட படிச்சா: பையன் எட்டாவது படிக்கும்போதே பர்த் சர்டிஃபிகேட்ல பேர் சரியா இருக்கான்னு பாருங்க, பின்னாடி வயசு வெரிஃபிகேஷன்ல தடுமாறும். எந்த க்ளப்ல ரெஜிஸ்டர் பண்றாங்கன்னு ஃபார்ம்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி படிங்க. ஃபெடரேஷனோட ஆன்லைன் ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் பையன்கிட்டயே இருக்கட்டும். சீசன் முடிஞ்சதும் என்.ஓ.சி. வேணும்னா எழுத்துல கேளுங்க, வாய்ல கேட்டா "பாக்கலாம்"னு சொல்லிட்டு போயிடுவாங்க. ஸ்டேட் டோர்னமென்ட் ஆடின சர்டிஃபிகேட்ட எல்லாம் லாமினேட் பண்ணாதீங்க, அப்படியே ஃபைல்ல வைங்க, பின்னாடி சீல் போடணும்னா பேப்பரா தான் இருக்கணும். ப்ளஸ் டூ முடிக்காம எந்த ட்ரையலுக்கும் ஓடாதீங்க.

வியாசை லெஃப்ட் ஃபுட்:
அண்ணே நீங்க சொல்றது சரி, ஆனா ப்ளஸ் டூ முடிக்கிற வரைக்கும் வீட்ல சோறு யாரு போடறது? எங்க பசங்க காலைல மீன் லோடு எறக்கிட்டு பிராக்டிஸ் வர்றாங்க. நம்ம ஊர் லீக்ல ஆடின நந்தகுமார் தான் 2023 ஆகஸ்ட் 12 டூரண்ட் கப்ல கோல் போட்டு, நாலு வருஷத்துக்கு மேல மோகன் பகான ஜெயிக்கவே முடியாம இருந்த கல்கத்தா ஈஸ்ட் பெங்கால் க்ளப்ப ஜெயிக்க வச்சான். அந்த ஒருத்தன் தாண்டிப் போனான். பெஞ்ச்ல உக்காந்தவன பத்தி தான் நான் சொல்றேன்.

குளச்சல் கீப்பர்:
சென்னைய மட்டுமே பேசுறீங்க. எங்க கடற்கரை ஊர்கள்ல கோயில் திருவிழாவுக்கு செவன்ஸ், அதான் பக்கத்துக்கு ஏழு பேர் ஆடற ஃபுட்பால், நடந்தா ஊரே மணல்ல நிக்கும். சென்னை லீக்ல ஆட வந்த எங்க பசங்கள்ல ஒருத்தன் முதல் மேட்ச் முடிஞ்சு எனக்கு போன் பண்ணி கேட்டது "அண்ணே, இங்க கோல் அடிச்சா யாரும் கத்த மாட்டாங்களா?" ரெண்டு கோல் அடிச்சிருந்தான் அன்னிக்கு.

பெரியமேடு கேலரி:
குளச்சல் அண்ணே, அந்த பையன் எந்த டீம்னு தனியா சொல்லுங்க, அடுத்த மேட்சுக்கு எங்க செட்ட கூட்டிட்டு போறேன். ஐசிஎஃப் அண்ணே, டென்த் பாதில விட்டவன் தனித்தேர்வரா எழுத ஃபார்ம் எப்ப வாங்கணும்னு தெரிஞ்சா இங்கயே போடுங்க. வியாசை பசங்களுக்கும் ஆகும்.