ட்ரொபிக்பேர்ட்: ‘திருக்கைவாலி’ எப்படி?

வணக்கம்.

ட்ரொபிக்பேர்ட் (tropicbird) என்னும் கடற்பறவைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சுக்கு என் பங்கு இது. நேர் மொழிபெயர்ப்பான ‘வெப்பமண்டலப் பறவை’ எனக்கு உடன்பாடில்லை. எங்கள் வேலியில் இருந்து கத்துகின்ற காகமும் வெப்பமண்டலப் பறவைதானே!

நேற்று ஒருவர் முன்வைத்த ‘நெடுவால் ஆலா’ காதுக்கு இனிக்கிறது (ஆலா என்பது ஆங்கிலத்தில் tern எனப்படும் கடற்பறவை). தூரத்தில் பார்த்தால் ஆலாவேதான்: வெள்ளை உடல், கண்ணோரம் கருங்கோடு, உயரத்திலிருந்து கடலுக்குள் பாயும் வித்தை. ஆனால் காலைப் பாருங்கள். ஆலாவுக்கு முன்விரல் மூன்றுக்கிடையில்தான் சவ்வு. இதற்கு நான்கு விரல்களும் சவ்வால் இணைந்தவை. அந்தக் கால்களும் உடலின் பின்கோடியில் இருப்பதால், கரையில் நிமிர்ந்து நடக்க முடியாமல் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு நகர்கிறது. வானத்தில் அவ்வளவு ஒய்யாரம், தரையில் இந்தப் பாடு. பாறையிடுக்கிலோ புதர் நிழலிலோ ஒரே ஒரு முட்டை இடும். ஆலாக் குடும்பத்தில் சேர்த்துவிட்டால் பிறகு பிரித்தெடுப்பது யார்?

எங்கள் கரைவலைக்காரரிடம் ஊர்ப்பெயர் கேட்டுப் பயனில்லை. பாக்கு நீரிணை ஆழம் குறைந்தது. இதுவோ பறக்கும் மீனையும் கணவாயையும் தேடி ஆழ்கடலில் திரிவது. மாலைதீவுப் பக்கம் கூடு கட்டுகிறது.

ஆகவே வாலுக்கு வருகிறேன். வெண்வால் இனம் அலகு முதல் வால் நுனி வரை 70–80 செ.மீ.; அதில் ஏறத்தாழப் பாதி, நடுவில் நீளும் இரண்டு மெல்லிய இறகுகள்தான். மீன்சந்தையில் திருக்கை வாலைக் கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும்: அடியில் விரல் தடிப்பு, போகப் போகக் கயிறு, நுனியில் வெறும் நூல். (அடி வாங்கியவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.) ‘திருக்கைவாற்பறவை’ என்று பண்டிதர்கள் புணர்த்துவதற்கு முன் ‘திருக்கைவாலி’ என்று சுருக்கிவிடலாம். கிட்கிந்தை வாலி நினைவுக்கு வந்தால் வரட்டும். திருக்கைக்கு வால் ஒன்று, இதற்கு இறகு இரண்டு என்பீர்கள். பறக்கும்போது பல வேளைகளில் இரண்டும் ஒட்டி ஒன்றாகவே தெரியும்.

சிக்கல் இனப்பெயரில்தான். மூன்று இனங்களில் ‘செவ்வலகுத் திருக்கைவாலி’க்குக் குறையில்லை. ‘செவ்வால் திருக்கைவாலி’, ‘வெண்வால் திருக்கைவாலி’ என்றால் வால் இரண்டு முறை வந்துவிடுகிறது. ‘செந்நூல்’, ‘வெண்ணூல்’ என்று மாற்றிப் பார்த்தேன். தையற்கடைச் சரக்குப் போல ஒலிக்கிறது. இதற்கு யாரிடமாவது வழி இருக்கிறதா?