போக்கர் உத்திப் புத்தகம்: அட்டையை மாற்றியதும் விற்பனை சரிந்தது, உதவி தேவை

கோவை_வரைகலை:
அனைவருக்கும் வணக்கம். நான் புத்தக அட்டை வடிவமைப்பவன். அமெரிக்க எழுத்தாளர் ஒருவர் தாமே வெளியிட்டிருக்கும் போக்கர் உத்திப் புத்தகத்துக்கு அண்மையில் புதிய அட்டை செய்து கொடுத்தேன். பழைய அட்டையில் கறுப்புப் பின்னணியும் வெள்ளை எழுத்தும் தவிர வேறொன்றும் இல்லை. புதியதில் பச்சைத் துணி விரித்த மேசை, அடுக்கிய பந்தயச் சிப்புகள், இஸ்பேட் ராயல் ஃப்ளஷ் (ஒரே இனத்தில் பத்து முதல் ஏஸ் வரை ஐந்து சீட்டும் சேர்ந்த, போக்கரின் மிக உயர்ந்த கை), மூலையில் இரண்டு பகடைகள், பொன்னிறத்தில் தலைப்பு என எல்லாம் இருக்கின்றன. அதை ஏற்றிய நாளிலிருந்து விற்பனை பாதிக்கும் கீழே போய்விட்டதாகச் சொல்லி, எனக்குத் தரவேண்டிய மீதிப் பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறார். அட்டையால் இவ்வளவு குறையுமா? எதை மாற்றலாம்? அவசரம்.

அச்சுமை:
விற்பது மின்னூலா, அச்சு நூலா? தொடக்க நிலை ஆட்டக்காரருக்கான புத்தகமா, தேர்ந்தவருக்கானதா? விலை என்ன? எந்தத் தேதியில் மாற்றினீர்கள்? இவற்றில் ஒன்றுகூட உங்கள் கேள்வியில் இல்லை. ஒன்று மட்டும் இப்போதே சொல்ல முடியும். அமேசானின் கிண்டில் மின்னூல் அட்டைக்கு 2560க்கு 1600 பிக்சல் என்ற அளவைப் பரிந்துரைக்கிறார்கள். நீங்கள் அந்த அளவில் திரை நிறையப் பார்த்து ரசித்த அட்டையை, வாங்குபவர் தேடல் பட்டியலில் கட்டைவிரல் நகத்தளவில்தான் பார்க்கிறார். பச்சைத் துணியின்மேல் பொன்னெழுத்து அந்த அளவில் கரைந்து போயிருக்கும்.

இரவுமேசை:
குற்றவாளி ராயல் ஃப்ளஷ்தான். ஐந்து சீட்டு கையில் அது வருவதற்கான வாய்ப்பு 6,49,740இல் ஒன்று. டெக்சாஸ் ஹோல்டெம் என்ற போக்கர் வகையில் ஏழு சீட்டிலிருந்து அமைவதற்கும் ஏறத்தாழ 30,940இல் ஒன்றுதான். அந்தக் கை வந்தவனுக்கு உத்தி எதற்கு? உத்திப் புத்தகம் வாங்குபவன், கையில் நடுத்தர ஜோடியை வைத்துக்கொண்டு எதிராளியின் பெரிய பந்தயத்துக்கு முன்னால் தொடர்வதா, சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகுவதா என்று திணறுகிறவன். ராயல் ஃப்ளஷைப் பார்த்ததும் இது விளையாடத் தெரியாதவருக்கு எழுதிய புத்தகம் என்று கடந்துவிடுவான். பகடை அதைவிட மோசம். போக்கரில் பகடையே கிடையாது. சூதாட்ட விடுதியை எதிர்த்து ஆடவில்லை, எதிரே உட்கார்ந்திருப்பவரை எதிர்த்து ஆடுகிறோம், விடுதி தன் பங்கை மட்டும் எடுத்துக்கொள்கிறது என்பதுதான் இந்த வாசகர்களின் பெருமை. அந்தப் பெருமையின் மேலேயே பகடையை உருட்டியிருக்கிறீர்கள்.

பழைய_பதிப்பாளர்:
இதே கேள்விக்கு நான் முன்பே பலமுறை விளக்கம் எழுதியிருக்கிறேன். தேடிப் படிக்கும் பழக்கம் இப்போது யாருக்கும் இல்லை. போக்கர் புத்தகத்தை எவரும் அட்டை பார்த்து வாங்குவதில்லை, எழுதியவர் யார் என்று பார்த்தே வாங்குகிறார்கள். டாய்ல் பிரன்சன் 1970களின் இறுதியில் தம் புத்தகத்தைத் தாமே வெளியிட்டபோது 100 டாலர் விலை வைத்தார். 1976, 1977 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டியை வென்றவர் என்பதால் அவரால் அந்த விலையைக் கேட்க முடிந்தது. உங்கள் எழுத்தாளர் எதை வென்றிருக்கிறார்? அதை விட்டுவிட்டுப் பச்சையா கறுப்பா என்று பேசுவது வீண்.

தாள்நிறம்:
ஐயா, தாங்கள் சொன்ன உதாரணமே தங்களுக்கு எதிராக நிற்கிறது. அந்தப் புத்தகம் முதலில் ‘போக்கர் ஆடி நான் பத்து லட்சம் டாலருக்குமேல் சம்பாதித்தது எப்படி’ என்ற பொருள்படும் நீண்ட தலைப்போடு வந்தது. ‘சூப்பர் சிஸ்டம்’ என்ற குறுகிய பெயரில்தான் நிலைத்தது. தலைப்பின் நீளம் அட்டை வடிவமைப்பின் பாதி வேலையைத் தீர்மானித்துவிடும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரியும். போக்கர் ஆட்டக்காரர் பில் கார்டன் தம் உத்திப் புத்தகங்களை 2005இல் சிறிய பச்சைப் புத்தகம் என்றும், அடுத்த ஆண்டே சிறிய நீலப் புத்தகம் என்றும் வெளியிட்டார். நிறமே பெயரானதால், கடையில் கேட்பவருக்கு நிறம் நினைவிருந்தால் போதுமானது. அட்டைக்கு வேலை இல்லை என்றால் அவர் ஏன் அவ்வளவு சிரமப்படவேண்டும்?

பழைய_பதிப்பாளர்:
பில் கார்டன் தொலைக்காட்சியில் முகம் காட்டியவர். நிறத்தால் விற்றது என்று நம்புவது உங்கள் உரிமை.

இரவுமேசை:
எனக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. வலைதளத்தில் ஆடுகிறவர்கள் பலர் நான்கு நிறச் சீட்டுக்கட்டு வைத்துக்கொள்வார்கள்: இஸ்பேட் கறுப்பு, ஆடுதன் சிவப்பு, டைமன் நீலம், கிளாவர் பச்சை. ஃப்ளஷ், அதாவது ஐந்து சீட்டும் ஒரே இனமாக அமையும் வாய்ப்பை ஒரே பார்வையில் பிடிப்பதற்காக வந்த ஏற்பாடு அது. அட்டையில் நீல டைமன் ஒன்று தெரிந்தாலே, எழுதியவர் நம்மவர் என்று அவர்களுக்குப் புரிந்துவிடும். அல்லது பத்து, இரண்டு ஆகிய இரு சீட்டுகளைப் போடுங்கள்; பிரன்சன் அந்த இரண்டு ஆண்டுகளிலும் கடைசி ஆட்டத்தை அந்தக் கையோடுதான் முடித்தார், ஆட்டக்காரர்கள் அதற்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

பழைய_பதிப்பாளர்:
நீல டைமனா? விடுதி மேசையில் உட்கார்ந்து ஆடுகிறவர் அதை அச்சுப்பிழை என்றே நினைப்பார்.

இரவுமேசை:
விடுதி மேசையில் ஆடுகிறவர் மின்னூல் தேடி வருவாரா என்பதை முதலில் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
நீல டைமன் சண்டையைச் சற்று நிறுத்திவைத்தால் நல்லது. புத்தகத்துக்கு விளம்பரம் ஓடுகிறதா? ஓடினால், எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் தட்டி உள்ளே வந்தார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்ற மூன்று எண்களும் எழுத்தாளரிடம் இருக்கும். தட்டுவது குறைந்திருந்தால் அட்டையையும் தலைப்பையும் சந்தேகிக்கலாம். தட்டுவது அப்படியே இருந்து வாங்குவது மட்டும் குறைந்திருந்தால், பக்கத்துக்குள் இருக்கும் விலை, விவரக்குறிப்பு, மாதிரிப் பக்கங்கள் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். இன்னொன்று, லாஸ் வேகாஸில் உலகத் தொடர் மே இறுதி முதல் ஜூலை நடுப்பகுதி வரை நடக்கிறது. தொடர் முடிந்த பிறகு அட்டையை மாற்றியிருந்தால், ஆர்வம் வடிந்ததன் பழியை உங்கள் அட்டை சுமக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். அதே நாளில் வேறு எதையாவது மாற்றினாரா என்றும் கேளுங்கள்.

கோவை_வரைகலை:
தாமதத்துக்கு மன்னிக்கவும். மின்னூல்தான், தேர்ந்தவர்களுக்கானது. ஜூலை இறுதியில் மாற்றினோம். விளம்பரத்தில் தட்டுபவர் எண்ணிக்கை குறையவில்லை. புதிய அட்டைக்கு ஏற்ற விலையாக இருக்கட்டும் என்று 9.99 டாலரை 14.99 ஆக்கியதாக இப்போதுதான் சொல்கிறார். அது முக்கியமா?

கணக்குப்பிள்ளை:
மிகவும் முக்கியம். கிண்டிலில் எழுத்தாளருக்கு 70 சதவீத உரிமத்தொகை 2.99 முதல் 9.99 டாலர் வரையிலான விலைக்குத்தான். அதைத் தாண்டினால் 35 சதவீதம். 9.99இல், கோப்பின் அளவுக்கேற்ற அனுப்புச் செலவைக் கழிப்பதற்கு முன், அவருக்கு ஏறத்தாழ 6.99 டாலர் கிடைத்தது. 14.99இல் கிடைப்பது ஏறத்தாழ 5.25. வாசகரிடம் ஐந்து டாலர் கூடுதலாகக் கேட்டு, தாம் ஒன்றே முக்கால் டாலர் குறைவாக வாங்கிக்கொண்டிருக்கிறார். விற்பனை குறையாமல் இருந்திருந்தாலும் அவருக்கு நஷ்டம்தான்.

பழைய_பதிப்பாளர்:
அட்டைக்கு இதில் பங்கு இல்லை என்று நான் முதலிலேயே எழுதினேன்.

இரவுமேசை:
அப்படி முடிவுகட்ட முடியாது. பளபளப்பான அட்டையைப் பார்த்துப் புதியவர்கள் தட்டியிருப்பார்கள்; உள்ளே கணக்கும் அட்டவணையுமாக இருப்பதைக் கண்டு திரும்பியிருப்பார்கள். தட்டுபவர் எண்ணிக்கை அப்படியே இருக்கும், தட்டுகிற ஆள் மாறியிருப்பார்.

கணக்குப்பிள்ளை:
அது நியாயமான ஐயம். அதனால் அட்டையைத் தொடாமல் விலையை மட்டும் பழையபடி வைத்துச் சில வாரம் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் மறுபடி இதே குழப்பத்தில் வந்து நிற்பீர்கள்.

கோவை_வரைகலை:
விலையைக் குறைத்ததும் விற்பனை ஓரளவு திரும்பியது, முழுவதும் இல்லை. நேற்று ராயல் ஃப்ளஷையும் பகடையையும் எடுத்துவிட்டேன். மீதிப் பணம் வந்துவிட்டது. அனைவருக்கும் நன்றி.

கணக்குப்பிள்ளை:
ஓரளவு என்றால் எவ்வளவு? சீட்டை எடுப்பதற்கு முன்பிருந்த எண்ணையும் எடுத்த பிறகு வரும் எண்ணையும் தனித்தனியாக இங்கே எழுதுங்கள்.

அச்சுமை:
பணம் வந்துவிட்டதல்லவா, இனி வரமாட்டார்.