பிரெஸ்ட் லிஃப்ட் செய்துகொண்டவர்கள் யாராவது சொல்லுங்களேன்

நாமக்கல் நிலா:
வயது 37, இரண்டு பிள்ளைகள். சின்னவன் பிறந்தபோது 84 கிலோ. இரண்டு வருடம் மல்லுக்கட்டி 61க்கு வந்துவிட்டேன். மார்பு மட்டும் காற்றுப்போன பலூன் மாதிரி ஆகிவிட்டது. வெயில் காலத்தில் அடியில் வேர்க்குரு, புண் வேறு. கோவையில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்த்தோம். தூக்கித் தைத்துவிடலாம், ஒரு ராத்திரி தங்கினால் போதும் என்றார். வீட்டுக்கு வந்தபின் என்ன நடக்கும் என்று கேட்க அப்போது தோன்றவில்லை. எத்தனை நாள் வலிக்கும்? எப்போது சமைக்கலாம்? தழும்பு போய்விடுமா? வீட்டுக்காரருக்குச் சம்மதம். மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை.

மதுரை மல்லி:
நிலா, எனக்கு 44 வயது, செய்து 14 மாதம் ஆகிறது. உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே வருகிறேன்.

தழும்பு போகாது, மங்கும். எனக்குக் காம்பைச் சுற்றி ஒரு வட்டம், அங்கிருந்து கீழே ஒரு கோடு, அடி மடிப்பில் குறுக்கே ஒரு கோடு. பார்த்தால் நங்கூரம்தான். கொஞ்சமாகத் தொங்கியவர்களுக்கு வட்டமும் கீழ்க்கோடும் போதுமாம். நம்மைப் போல நிறைய எடை குறைத்தவர்களுக்குப் பெரும்பாலும் மூன்றும் வரும். மூன்றாம் மாதம் சிவந்து தடித்து, ஏன்டா செய்தோம் என்று இருந்தது. இப்போது பழுப்பு நிறம். முழுதாக அடங்க ஒரு வருடம், ஒன்றரை வருடம்கூட ஆகும். காது குத்திய இடம் உங்களுக்குக் கட்டியாக வளர்ந்திருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தழும்பே கூடாது என்றால் இதற்குப் போகாதீர்கள்.

வலி நான் பயந்த அளவு இல்லை. ஆபரேஷன் இரண்டரை மணி நேரம், முழு மயக்கம். முதல் மூன்று நாள் நெஞ்சை யாரோ இறுக்கிக் கட்டியது போல இருந்தது. ஒரு வாரத்தில் வெறும் பாராசிட்டமாலுக்கு இறங்கிவிட்டேன். வலி மாத்திரையால் வந்த மலச்சிக்கல்தான் பெரிய கொடுமை, அதை ஒருவரும் சொல்லவில்லை!

கைதான் பிரச்சினை. கையைத் தலைக்கு மேல் தூக்கக் கூடாது. சடை பின்ன முடியாது, மேல் அலமாரியில் டப்பா எடுக்க முடியாது, தலை வழியாக நைட்டி மாட்ட முடியாது. முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி நாலு முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். பத்து நாளில் தாளித்து இறக்கும் அளவுக்கு அடுப்படிக்கு வந்துவிட்டேன். நிறைந்த குக்கர், தண்ணீர் கேன், பிள்ளையைத் தூக்குவது எல்லாம் ஆறு வாரம் கழித்துத்தான். உங்கள் சின்னவனை இப்போதே கட்டில் மேல் தானாக ஏறி வந்து மடியில் உட்காரப் பழக்குங்கள். ஆறு வாரமும் ராத்திரி பகலாக ஆபரேஷன் பிரா. மல்லாந்துதான் தூக்கம், முதுகுக்கு இரண்டு தலையணை.

இரண்டாவது வாரம், கோடுகள் சேரும் முனையில் பொட்டு அளவுக்குத் தையல் விட்டு நீர் கசிந்தது. அழுதுவிட்டேன். அந்த இடத்தில் இழுப்பு அதிகம், அடிக்கடி நடப்பதுதான் என்றார் டாக்டர். கட்டு மாற்றியே மூன்று வாரத்தில் ஆறியது. அத்தை மஞ்சள் பூசச் சொன்னார், பூசவில்லை.

கட்டுப் பிரித்ததும் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். மேலே உப்பி, கீழே தட்டையாகப் பெட்டி மாதிரி இருந்தது. இறங்கி உருண்டு வர நாலு மாதம் ஆனது. இடது காம்பு அதுவரை மரத்துக் கிடந்தது. வலதில் துணி பட்டாலே சுருக்கென்றது. சிலருக்கு உணர்ச்சி முழுதாகத் திரும்புவதில்லை, அதையும் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

அப்புறம், இது உயர்த்துமே தவிர பெரிதாக்காது. வற்றிப்போன மேல்பக்கத்தை நிரப்ப சிலிக்கோன் பை வைக்க வேண்டும், அது தனிக் கதை. எனக்கு வேண்டாம் என்றுவிட்டேன்.

வார்டு அக்கா:
சர்ஜரி வார்டில் நர்ஸாக இருக்கிறேன். மல்லி சொன்னதோடு கொஞ்சம். ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி, கல் மாதிரி இறுகி வலித்தால் உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று அர்த்தம். முதல் நாளில்தான் அதிகம் வரும். காம்பு கருத்தாலோ, காய்ச்சலோடு சீழ் வந்தாலோ, கெண்டைக்கால் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்காதீர்கள். ஆபரேஷன் அன்று சாயங்காலமே எழுந்து நடக்க வைப்பார்கள், முரண்டு பிடிக்காதீர்கள் கண்ணு. ஆபரேஷனுக்கு முன் எடை ஆறு மாதமாவது ஒரே அளவில் நிற்கட்டும். இன்னொரு குழந்தை வேண்டுமென்றால் அதற்கு அப்புறம் செய்யுங்கள், வயிறு வந்தால் மறுபடி தொங்கும். பின்னாளில் மேமோகிராம் (மார்பு எக்ஸ்ரே) எடுக்கும்போது இந்த ஆபரேஷனைச் சொல்ல வேண்டும், உள்தழும்பு படத்தில் தெரியும்.

சேலம் சாரதா:
பால் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். இதற்கெல்லாமா கத்தி?

வார்டு அக்கா:
பால் கொடுப்பதால் இல்லைங்க. கர்ப்பத்தில் பெருத்துச் சுருங்குவது, எடை ஏறி இறங்குவது, வயது, சிகரெட், இவைதான் காரணம்.

நாமக்கல் நிலா:
மல்லி அக்கா, ரொம்ப நன்றி. சின்னவன் ஏறப் பழகிவிட்டான், இறங்கத்தான் மாட்டேன் என்கிறான். ஒன்று கேட்க வெட்கமாக இருக்கிறது. தாலியை என்ன செய்தீர்கள்?

மதுரை மல்லி:
கழற்றத்தான் வேண்டும். மின்சாரத்தால் சுட்டு ரத்தத்தை நிறுத்துவார்கள், உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது. அத்தை ரகளை செய்வார் என்று நினைத்தேன். தியேட்டர் வாசலில் அவரே கழற்றி, தன் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார். தழும்பில் கொடி உரசும் என்று மூன்று மாதம் திருப்பியே தரவில்லை.