மருத்துவமனை மென்பொருள் வாங்கும் முன் எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி (நிர்வாகப் பிரிவு, காரைக்குடி)

வணக்கம். காரைக்குடியில் 60 படுக்கைகள் கொண்ட தனியார் மருத்துவமனையில் பணிபுரிகிறேன். புதுவயல், கல்லல், பள்ளத்தூர்ப் பக்கமிருந்தெல்லாம் நோயாளிகள் வருகிறார்கள். இப்போது பில்லிங் மட்டும் கணினியில் நடக்கிறது. கேஸ் ஷீட், லேப், பார்மசி ஆகியவற்றையும் இணைக்கும் மென்பொருள் வாங்க முடிவாகியுள்ளது. எந்தெந்தப் படிவங்கள் வேண்டுமென்று ஒவ்வொரு பிரிவிலும் கேட்டுப் பட்டியல் தயாரித்துவிட்டோம். முன்பு நான் வேலை பார்த்த இடத்திலும் இப்படித்தான் வாங்கினார்கள். அங்கே செவிலியர்கள் டியூட்டி முடிந்த பிறகும் உட்கார்ந்து, தாளில் எழுதியதையே மீண்டும் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இங்கும் அந்த நிலை வரக் கூடாது. நாங்கள் எதைக் கேட்காமல் விட்டோம்?

பதில் 1 (ஓய்வு பெற்ற செவிலியர் கண்காணிப்பாளர், தேவகோட்டை)

ஐயா, படிவங்களைக் கேட்டீர்கள். வார்டில் நடக்கும் பேச்சைக் கேட்கவில்லை. மதியம் டியூட்டி மாறும் நேரத்தில் சிஸ்டர்களின் கையிலிருக்கும் சிறு நோட்டைப் பாருங்கள். ‘7ஆம் பெட், பொட்டாசியம் ரிசல்ட் வரவில்லை, லேபுக்கு இரண்டு முறை போன் செய்தாயிற்று.’ ‘12, மாத்திரையை நிறுத்துவதா, பெரிய டாக்டரிடம் கேட்க வேண்டும்.’ ‘15, சாப்பிட மறுக்கிறார், மகள் ஊட்டினால் சாப்பிடுவார்.’ கேஸ் ஷீட்டில் செய்து முடித்தது இருக்கும். செய்ய வேண்டிய பாக்கி இந்த நோட்டில்தான் இருக்கும். நான் பழகிய மென்பொருள்களில் அந்தப் பாக்கியை எழுத இடமே இருந்ததில்லை. நம் ஊர்க் கடைகளில் குறிப்பேட்டில் எழுதிய பிறகே பேரேட்டில் ஏற்றினார்கள். பேரேடு இருக்கிறதே என்று குறிப்பேட்டை யாரும் ஒழித்துவிடவில்லை.

பதில் 2 (மென்பொருள் ஆய்வாளர், கோட்டையூர்)

அம்மா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். டியூட்டி மாற்றத்தின்போது தகவலைக் கைமாற்றுவதற்கு ஓர் ஒழுங்கு வகுத்து, இளம் மருத்துவர்களுக்குப் பயிற்சியும் அளித்த 9 மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகளில் மருத்துவத் தவறுகள் 23 சதவீதமும், தடுத்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதமும் குறைந்ததாக ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ 2014இல் வெளியிட்டது. அங்கே முதலில் சீரானது சொல்லும் முறை. மாறாக, லாஸ் ஏஞ்சலஸின் செடார்ஸ் சினாய் மருத்துவமனையில் மருத்துவர்கள் மருந்தையும் பரிசோதனையையும் கணினி வழியே எழுத வேண்டுமென்று கொண்டுவந்த அமைப்பை, அவர்களுடைய எதிர்ப்பால் சில மாதங்களிலேயே 2003இல் நிறுத்திவைக்க நேர்ந்தது.

ஆகவே மென்பொருள் நிறுவனத்தாரை அழைக்கும் முன் ஒரு வாரம், இரவு டியூட்டி உட்பட, யார் யாரிடம் எதைக் கேட்கிறார்கள், பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் கணினிக்குள் கொண்டுவர வேண்டியதில்லை. ஆபத்தான லேப் முடிவைப் போனில்தான் சொல்ல வேண்டும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்ய வேண்டும். யார், எப்போது, யாரிடம் சொன்னார் என்பதை மட்டும் கணினி பதிவுசெய்தால் போதும். கேஸ் ஷீட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடும் வழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். நோயாளியின் விவரம் அப்படிப் பரவுவது தவறுதான். ஆனாலும் அவசரத்துக்கு வேறு வழி இல்லாததால்தான் அது நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இன்று மதியம் 2 மணிக்கு வார்டில் நின்று கவனித்தேன். ஒரு சிஸ்டரின் நோட்டில் இருந்த 11 குறிப்புகளில் 4 குறிப்புகளுக்கு எங்கள் பட்டியலில் இடமே இல்லை. அந்த நான்குமே டாக்டரிடம் கேட்க வேண்டியவை. விலைப்புள்ளி கேட்பதை ஒரு மாதம் தள்ளிவைக்குமாறு நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை முதல் இரவு டியூட்டியையும் கவனிக்கப் போகிறேன்.