காலியாகிப்போன நகர மையத்தில் காபிக் கடை திறந்தால் தெருவுக்கு உயிர் திரும்புமா?

நடைபாதை (கேள்வி)

வணக்கம். நகரத்தின் நடுவில் இருக்கும் பழைய கடைவீதி படுத்துவிட்டால், அதைத் தூக்கி நிறுத்த எங்கு பார்த்தாலும் ஒரே வைத்தியம்தான் செய்கிறார்கள். நடைபாதைக்குப் புதுக் கல், புது விளக்குக் கம்பம், சுவரில் பெரிய ஓவியம், அப்புறம் மூலையில் ஒரு கபே. ஆறு மாதம் எல்லோரும் படம் எடுத்துப் போடுகிறார்கள். இரண்டாவது வருடம் அந்தக் கபேயின் கண்ணாடியிலும் உள்பக்கமாகப் பழுப்புக் காகிதம் ஒட்டியிருக்கிறது.

என் தோழியும் நானும் சின்னப் புத்தகக் கடை ஒன்று, அதோடு நாலு மேசை போட்ட காபிப் பகுதி என்று தொடங்க நினைக்கிறோம். மாலுக்குள் போக எங்களுக்கு மனமில்லை. தெருவைப் பார்த்த வாசல் வேண்டும். பாதி ஷட்டர் இறங்கிக் கிடக்கும் தெருவில் துணிந்து கடை போட்டால் நம்மைப் பார்த்து நாலு பேர் வருவார்களா, இல்லை நாலு பேர் வந்த பிறகுதான் நாம் போக வேண்டுமா?

இன்னொன்றும் புரியவில்லை. வருடக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் கடைக்கு வாடகை ஏன் இறங்குவதே இல்லை? விற்காத சரக்கை யாராக இருந்தாலும் விலை குறைத்துத் தள்ளிவிடத்தானே பார்ப்பார்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கல்லாப்பெட்டி

இப்படிப்பட்ட ஒரு தெருவில் மூன்று வருடம் கடை நடத்தி மூடியவன் நான். அதனால் நேராகவே சொல்கிறேன், கபே ஒரு தெருவைக் காப்பாற்றாது. ஏற்கனவே அந்த வழியாக நடக்கிறவர்களைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான் அதனால் முடியும். நடக்கவே ஆளில்லாத இடத்தில் எவ்வளவு நல்ல காபி போட்டாலும் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

நாங்கள் செய்த பெரிய தப்பு, இடம் பார்க்கச் சனிக்கிழமை மாலையில் போனது. தெரு நிறைய ஆட்கள் இருந்தார்கள், அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிட்டோம். செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு ஒரு தடவை போய் நின்றிருந்தால் தெரிந்திருக்கும், அந்த நேரத்தில் பத்து நிமிடத்துக்கு மூன்று பேர்தான் அந்த வழியாகப் போகிறார்கள். வாரத்தில் ஐந்து நாள் மதியம் வரை போணி ஆகாமலே உட்கார்ந்திருப்போம். மொத்த விற்பனையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வாடகைக்குப் போனால் கடை தாங்காது என்று இந்தத் தொழிலில் சொல்வார்கள். எங்களுக்கு நாலில் ஒரு பங்கு போயிற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எங்கள் இடதுபுறக் கடை. நாங்கள் வருவதற்கு முன்பே பூட்டியது. கண்ணாடிக் கதவுக்கு அடியில் தபால்காரர் தள்ளிவிட்டுப் போன கடிதங்கள் உள்ளே குவிந்து கிடக்கும். மேலே இருப்பவை வெயிலில் வெளுத்து, ஓரம் சுருண்டு, அடியில் இருப்பவை மழைத் தண்ணீரில் ஊறிக் காய்ந்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். அந்தக் கதவு வந்ததும் நடப்பவர்களின் நடை வேகமாகும். கல்லாவில் உட்கார்ந்தபடி இதைத் தினமும் பார்த்திருக்கிறேன். பிரச்சினை என்னவென்றால், அதே வேகத்தில் எங்கள் வாசலையும் தாண்டிப் போய்விடுவார்கள்.

வரைபடம்

நகரத் திட்டமிடலில் வேலை பார்ப்பவள் நான். வாடகைக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், மற்ற எல்லாவற்றுக்கும் சாவி அங்கேதான் இருக்கிறது.

வணிகக் கட்டடத்தின் மதிப்பைப் பெரும்பாலும் அது தரும் வாடகையை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். ஒரு கட்டடத்தின் வருட வாடகை 100, எதிர்பார்க்கும் வருமானம் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பு 2000, ஏனென்றால் 2000-இல் 5 சதவீதம்தான் அந்த 100. உரிமையாளர் அதைக் காட்டி வங்கியில் 1400 கடன் வாங்கியிருக்கிறார். இப்போது நீங்கள் போய் 60-க்குக் கேட்டு அவரும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், கட்டடத்தின் மதிப்பு 1200 ஆகிவிடும். கடனைவிட மதிப்பு குறைந்துபோனால் வங்கி சும்மா இருக்காது. பூட்டியே வைத்திருந்தாலோ, 'நல்ல ஆள் வந்தால் 100-க்குப் போகும்' என்று காகிதத்தில் 2000 அப்படியே நிற்கும். விற்காத சரக்கு என்று நீங்கள் நினைப்பது அவருக்கு அடமானப் பொருள். இதில் நிறைய பேர் கெட்டவர்கள் இல்லை, மாட்டிக்கொண்டவர்கள். இன்னும் சிலர் வேறு ஊரில் இருப்பார்கள், அந்தத் தெருவைப் பார்த்தே பல வருடம் ஆகியிருக்கும்.

இந்த முடிச்சை அவிழ்த்த இடம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஆஸ்திரேலியாவின் நியூகாசில். 1989-இல் அங்கே நிலநடுக்கம், 1999-இல் பெரிய எஃகு ஆலை மூடல். முக்கியக் கடைவீதியான ஹன்டர் தெருவில் கடைகள் வரிசையாகக் காலியாயின. அந்த ஊரில் பிறந்து வளர்ந்த மார்கஸ் வெஸ்ட்பரி 2008-இல் 'ரெநியூ நியூகாசில்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர் புதிதாக எதையும் கட்டவில்லை, தெருவை அழகுபடுத்தவும் இல்லை. உரிமையாளர்களிடம் போய், குத்தகை வேண்டாம், முப்பது முப்பது நாளாக நீளும் ஓர் அனுமதிச் சீட்டு மட்டும் கொடுங்கள், வாடகைக்கு ஆள் கிடைத்த அன்றைக்கு நோட்டீஸ் கொடுங்கள், காலி செய்துவிடுகிறோம் என்று கேட்டார். அது குத்தகையே இல்லை என்பதால் கட்டடத்தின் காகித மதிப்பு குறையாது. உரிமையாளருக்கு இழப்பு இல்லை, கடையும் சுத்தமாக இருக்கும். நகை செய்கிறவர்கள், ஓவியர்கள், தையல்காரர்கள், பத்திரிகை நடத்துகிறவர்கள் என்று சின்னத் தொழில்காரர்கள் உள்ளே வந்தார்கள். 2011-க்கான உலகின் முதல் பத்து நகரங்கள் பட்டியலில், பயண வழிகாட்டி நூல்கள் போடும் லோன்லி பிளானட் நிறுவனம் அந்த ஊரைச் சேர்த்தது. அமைப்பு 2019 வரை நடந்தது.

தெருவுக்குக் கல் பதிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் எல்லாக் கடையும் ஒரே கூரைக்குள் இருக்கும் மால் என்ற வடிவத்தைத் தொடங்கி வைத்தவர் விக்டர் குரூயன், 1956-இல் சவுத்டேல். கடைவீதிகளிலிருந்து கூட்டத்தை இழுத்துக்கொண்டு போனதே அந்த மால்கள்தான். அவரே நகர மையங்களை மீட்கவும் திட்டம் போட்டார், 1959-இல் கலமசூ நகரில் முக்கியத் தெருவில் வண்டிகளை நிறுத்தி நடைவீதியாக்கினார்கள். பல ஊர்கள் அதைப் பார்த்துச் செய்தன. சிகாகோவில் ஸ்டேட் தெருவை 1979-இல் கார்களுக்கு மூடி 1996-இல் திறந்துவிட்டார்கள், கலமசூவிலும் 1998-இல் வண்டிகளை மறுபடி விட்டார்கள். அதே வேலையைக் கோபன்ஹேகன் 1962-இல் ஸ்ட்ரோயே தெருவில் செய்தது, அது இன்றைக்கும் நிறைந்து வழிகிறது. அங்கே நகர மையத்திலேயே குடியிருப்பவர்கள் இருந்தார்கள், மாணவர்கள் இருந்தார்கள், சைக்கிளில் வருகிறவர்கள் இருந்தார்கள். ஆட்கள் இருக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தினால் ஆட்களுக்கு இடம் கிடைக்கும். ஆட்கள் ஏற்கனவே கிளம்பிப் போய்விட்ட இடத்தில் வண்டியையும் நிறுத்தினால் மிஞ்சுவது வெறும் கல்தான்.

நடைபாதை

மிக்க நன்றி, வாடகைக் கணக்கு இப்போதுதான் புரிகிறது. ஆனால் அந்த முப்பது நாள் ஏற்பாடு எனக்கு நெருடுகிறது. கலைஞர்கள் வந்து தெருவைத் துடைத்து உயிர் கொடுப்பார்கள், அப்புறம் வாடகை ஏறியதும் அவர்களையே வெளியே அனுப்புவார்கள். இது நியாயமா? எங்களை மாதிரி கபே வைக்க நினைப்பவர்களுக்கு அது சரிப்பட்டு வருமா?

மேல்மாடி

நெருடுவது சரிதான். வரைபடம் அவர்கள் சொன்ன எல்லாவற்றையும் ஏற்கிறேன், ஆனால் நியூகாசிலை அப்படியே கபேக்குப் பொருத்தக் கூடாது. நகை செய்கிறவருக்கு ஒரு மேசை, ஒரு விளக்கு போதும், முப்பது நாளில் தூக்கிக்கொண்டு போய்விடலாம். காபிக்குத் தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், மின்சார இணைப்பு எல்லாம் மாற்ற வேண்டும், சுகாதார உரிமம் வாங்க வேண்டும். அதில் போட்ட பணம் சுவருக்குள் போய்விடும், திரும்ப எடுக்க முடியாது. முப்பது நாள் சீட்டை நம்பி யாரும் சுவரை உடைக்காதீர்கள்.

என்னைக் கேட்டால் ஜப்பானைப் பாருங்கள் என்பேன். பூட்டிய கடைகள் வரிசையாக நிற்கும் தெருவை அங்கே 'ஷட்டர் தெரு' என்றே சொல்கிறார்கள், அந்த அளவுக்குப் பரவிய வியாதி. தகமாட்சு நகரில் மருகமேமாச்சி என்ற பழைய கடைவீதி. அங்கே நில உரிமையாளர்கள் சேர்ந்து ஒரு நிறுவனம் அமைத்தார்கள். நிலம் அவரவர் பெயரிலேயே இருக்கும், பயன்படுத்தும் உரிமையை மட்டும் அறுபது வருடக் குத்தகையாக நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். எந்த இடத்தில் எந்தக் கடை வேண்டும் என்று தெரு முழுவதையும் ஒரே கடை மாதிரி பார்த்து நிறுவனம் முடிவு செய்தது. உரிமையாளர்களுக்குக் கிடைக்கும் நில வாடகையும் வியாபாரத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். தெரு படுத்தால் உரிமையாளருக்கும் அடி விழும், அதனால் பூட்டி வைத்துக் காத்திருப்பதில் லாபமே இல்லை. முதல் பகுதி 2006-இல் முடிந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது கடைகளுக்கு மேலே அவர்கள் செய்தது. மேல் மாடிகளில் வீடுகள் கட்டினார்கள், ஒரு கிளினிக்கும் வைத்தார்கள். வயதானவர்கள் மேலே குடிவந்தார்கள். கார் ஓட்ட முடியாதவர், லிஃப்டில் இறங்கினால் மருந்து, காய்கறி, நாலு பேர் முகம் எல்லாம் அங்கேயே. கல்லாப்பெட்டி சொன்ன அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணியை நிரப்ப ஓவியமோ திருவிழாவோ உதவாது, மாடியில் ஆள் குடியிருக்க வேண்டும். எத்தனையோ நகர மையங்களில் கீழே கடை, மேலே முதல் மாடியும் இரண்டாம் மாடியும் பழைய அட்டைப்பெட்டி வைக்கும் கிடங்காகக் கிடக்கிறது. தனி மாடிப்படி கிடையாது, தீயணைப்பு விதி இடிக்கும், அதைச் சரிசெய்யும் செலவைப் பார்த்து உரிமையாளர் ஒதுங்கிவிடுவார். நகர நிர்வாகம் கல் பதிக்கும் பணத்தை அந்தப் படிக்கட்டுக்குக் கொடுத்தால் எவ்வளவோ நல்லது.

வரைபடம்

படிக்கட்டு விஷயத்தில் முழுக்க உடன்படுகிறேன். நியூகாசில் ஏற்பாடு ஒரு தொடக்கம்தான், அங்கே வந்தவர்களில் சிலர் பிறகு முழு வாடகை கொடுக்கும் கடைக்காரர்களாகவும் ஆனார்கள். ஆனால் எல்லோருக்கும் அப்படி அமையாது.

உரிமையாளர்கள் தாங்களாக இறங்கி வராத இடத்தில் வரியும் ஒரு வழி. சான் பிரான்சிஸ்கோவில் 2020-இல் மக்கள் வாக்களித்து ஒரு வரி கொண்டுவந்தார்கள். குறிப்பிட்ட கடைவீதிகளில் வருடத்தில் 182 நாளுக்கு மேல் காலியாகக் கிடக்கும் கடைக்கு, அதன் முகப்பு எத்தனை அடி அகலமோ அத்தனை அடிக்கும் வரி, தொடர்ந்து பூட்டியிருந்தால் வருடா வருடம் அது கூடும். நடப்பவர் கண்ணுக்கு எத்தனை அடி இருட்டாகத் தெரிகிறதோ அத்தனை அடிக்கும் வரி, அந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. வரி மட்டும் போதும் என்று சொல்லவில்லை. வாடிக்கையாளரே இல்லாத ஊரில் உரிமையாளரை வரி போட்டு அடித்தாலும் கடைக்காரர் எங்கிருந்து வருவார்?

அப்புறம், கடைக்காரர்களே சேர்வது. டொரோண்டோவில் ப்ளூர் வெஸ்ட் வில்லேஜ் பகுதி வியாபாரிகள் 1970-இல் தங்கள் மேலேயே ஒரு கட்டாயக் கட்டணம் விதித்துக்கொண்டு, அந்தப் பணத்தில் தெருவைப் பார்த்துக்கொண்டார்கள். கூட்டம் மால்களுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஏன் கட்டாயம் என்றால், விருப்பம் உள்ளவர் மட்டும் கொடுங்கள் என்றால் பத்துப் பேர் கொடுப்பார்கள், நாற்பது பேர் பலனை மட்டும் அனுபவிப்பார்கள். உலகம் முழுக்க இன்று இருக்கும் இந்த மாதிரி வணிகப் பகுதி அமைப்புகளுக்கு அதுதான் முன்னோடி.

கல்லாப்பெட்டி

இவர்கள் சொல்வது தெருவுக்கான மருந்து, அது வேலை செய்ய வருடக்கணக்காகும். நீங்கள் இரண்டு பேரும் அடுத்த மாதம் கையெழுத்துப் போடப் போகிறீர்கள் என்றால் அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன்.

முதலில் ஆள் எண்ணுங்கள். சனிக்கிழமை ஒரு நாள், நடுவாரத்தில் இரண்டு நாள், காலை எட்டு, பதினொன்று, மதியம் மூன்று, மாலை ஆறு என்று ஒவ்வொரு வேளையும் பத்துப் பத்து நிமிடம். தாண்டிப் போகிறவர்களை மட்டுமல்ல, நின்று பார்க்கிறவர்களையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். டென்மார்க்கின் கட்டடக் கலைஞர் யான் கேல் கோபன்ஹேகனில் இப்படி எண்ணித்தான் தெருக்களை ஆராய்ந்தார், நூறு மீட்டருக்குப் பதினைந்து இருபது வாசல் இருந்தால்தான் தெரு நடக்க ருசிக்கும் என்பது அவர் கணக்கு. நீங்கள் பார்த்திருக்கும் இடத்தில் எத்தனை வாசல் திறந்திருக்கிறது என்று நடந்து பாருங்கள்.

ஒப்பந்தத்தில் நான் கேட்காமல் விட்டதை நீங்கள் கேளுங்கள். முதல் காலம் ஒரு வருடம் மட்டும், ஆனால் நீட்டிக்கும் உரிமை உங்கள் கையில் இருக்க வேண்டும், நீட்டித்தால் வாடகை எவ்வளவு ஏறும் என்பதும் இப்போதே எழுதியிருக்க வேண்டும். அடிப்படை வாடகை குறைவாக, விற்பனை கூடினால் அதில் ஒரு பங்கு என்று கேளுங்கள். மதிப்பு இறங்குமே என்று உரிமையாளர் பயந்தால், காகிதத்தில் முழு வாடகை இருக்கட்டும், முதல் சில மாதம் வாடகை இல்லை என்று எழுதலாம், அதற்குச் சட்டென்று சம்மதிப்பார்கள், வங்கிக்குத் தெரியாமல் செய்வதில்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். குழாய், மின்சாரம் வேலையை அவர் செலவில் செய்யச் சொல்லுங்கள், கட்டடத்தோடு தங்கப்போவது அதுதான்.

கடைசியாக, பக்கத்துக் கதவு. மூன்றாவது வருடம்தான் எனக்குப் புத்தி வந்து இடதுபுறக் கடையின் உரிமையாளரைத் தேடிப் பிடித்தேன். அவர் வாடகை எதுவும் கேட்கவில்லை, சாவியைக் கொடுத்துவிட்டார். அந்தக் கடிதங்களை எல்லாம் ஒரு பையில் கட்டி அவருக்கே அனுப்பினேன், கண்ணாடியைத் துடைத்து, உள்ளே ஒரு பலகை போட்டு எங்கள் புத்தகங்களை அடுக்கி, இரவு பத்து மணி வரை ஒரு விளக்கு எரியவிட்டேன். மொத்தம் இரண்டு நாள் வேலை. அதற்கப்புறம் நடை தளர்ந்தது, அங்கே நின்று பார்த்துவிட்டு எங்கள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதற்குள் கடன் கழுத்து வரை வந்துவிட்டது, அதனால் மூட வேண்டியதாயிற்று. முதல் வாரமே செய்திருக்க வேண்டியது.

நடைபாதை

படித்துவிட்டு இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம். கையெழுத்தைத் தள்ளி வைத்துவிட்டோம். வருகிற செவ்வாயும் வியாழனும் தோழி எண்ணுகிறாள், சனிக்கிழமை நான். மாடி காலியாக இருக்கிறதா, தனிப் படி இருக்கிறதா என்றும் பார்த்து எழுதுகிறேன். இரண்டு பக்கக் கடைகளும் பூட்டித்தான் இருக்கின்றன. சாவி யாரிடம் என்று இன்றைக்கே விசாரிக்கத் தொடங்கிவிட்டேன்.