ஆர்செனிக் அண்ட் ஓல்ட் லேஸ்: ஜோனதன் ரோல காமெடியா பண்ணலாமா?

கேள்வி:
எங்க குரூப்ல இந்த நாடகம் போடுறோம், எனக்கு கொலைகாரன் ஜோனதன் ப்ரூஸ்டர் ரோல். டைரக்டர் கொஞ்சம் காமெடியா பண்ணச் சொல்றார், ஸ்கிரிப்ட் படிக்கப் படிக்க எனக்கு அது சரியா படல. அவனோட அத்தைங்க ரெண்டு பேரும் 12 பேர கொன்னிருக்காங்க, ஆனாலும் அவங்க மேல பாசம்தான் வருது, இவன் உள்ள வந்தாலே வயித்த கலக்குது. ஏன்?

பதில் 1:
காமெடி வேண்டவே வேண்டாம்ங்க. அத்தைங்க ஒயின்ல ஆர்செனிக் விஷம் கலந்து குடுக்குறப்போ, ஆதரவில்லாத வயசானவங்களுக்கு நிம்மதி குடுக்குறோம்னு மனசார நம்புறாங்க, செத்தவங்களுக்கு முறையா பிரார்த்தனையெல்லாம் பண்ணி அடக்கம் பண்றாங்க. ஜோனதனுக்கு அடுத்தவன் வலிதான் ருசி. தம்பி மார்ட்டிமர கட்டிப்போட்டப்புறம் மெல்போர்ன் மெத்தட்ங்கற சித்திரவதை முறை மட்டும் வேண்டாம்னு அவன் கூட்டாளி டாக்டர் ஐன்ஸ்டைன் கெஞ்சுவாரே, அதுக்கு ரெண்டு மணி நேரம் ஆகும்னு மட்டும்தான் நமக்கு தெரியும், மத்தத அந்தாளு பதறுறத வெச்சே புரிஞ்சுக்குறோம். அங்க நீங்க சிரிப்பு காட்டினா எல்லாம் போச்சு.

பதில் 2:
1941ல நியூயார்க் பிராட்வே நாடக மேடைல இந்த ரோல் பண்ணது போரிஸ் கார்லாஃப், ஃபிராங்கன்ஸ்டைன் படத்துல பூதமா வந்தவரேதான். குடிபோதையில அந்த டாக்டர் ஆபரேஷன் பண்ணி ஜோனதன் மூஞ்சி கார்லாஃப் மாதிரியே ஆயிடுச்சுன்னு கதை, அத யாராவது சொல்லிட்டா அவனுக்கு வெறி ஏறும். கார்லாஃப்கிட்டயே அத சொன்னா ஆடியன்ஸ் எப்படி சிரிச்சிருப்பாங்க! 1944ல வந்த படத்துல ரேமண்ட் மாஸி பண்ணார், அவர் முகத்துல சிரிப்போட சாயலே இருக்காது, கட்டாயம் பாருங்க. கார்லாஃப்ங்கற பேர் காதுல விழுந்ததும் உடனே கத்தாதீங்க, ஒரு செகண்ட் அசையாம நில்லுங்க, அந்த ஒரு செகண்ட்ல ஹாலே அடங்கும்.

பதில் 3:
டைரக்டர் சொல்றதுலயும் கொஞ்சம் நியாயம் இருக்கு, சிரிப்பு வரணும்தான், ஆனா அது ஜோனதனோட வறட்டு கௌரவத்துல இருந்து வரணும். 13 கொலைன்னு ஊர் ஊரா லண்டன், சிட்னின்னு கணக்கு சொல்வான், சவுத் பெண்ட்ல செத்தவன் நிமோனியால போனவன் அத சேக்கக்கூடாதுன்னு டாக்டர் ஒன்ன கழிச்சு 12 ஆக்கிடுவார். நான் சுட்டதாலதானே நிமோனியா வந்துச்சுன்னு மல்லுக்கட்டுவான். உலகம் பூரா சுத்தி கொன்னவனும் ப்ரூக்ளின் வீட்டுலயே இருந்த கிழவிங்களும் சமம்னா அவனால தாங்க முடியல. அத நீங்க நிஜமான அவமானமா நடிங்க, சிரிப்பு தன்னால வரும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி எல்லாருக்கும், இந்த நிமோனியா சீன அடுத்த ரிகர்சல்ல இப்படியே பண்ணி டைரக்டர்கிட்ட காட்டுறேன்.