வற் (பெறுமதி சேர் வரி) இன்புட் தொகை பிழைக்குது, கெதியா உதவி வேணும்

கரடிப்போக்கு கடை:
கிளிநொச்சியில ஹார்ட்வெயார் கடை. கொழும்பில எடுத்த சீமெந்து, கம்பி பில் 590,000. 18 வீதம் பாத்து 106,200 இன்புட் (வாங்கேக்க கட்டின வற், நான் கட்டவேண்டிய வற்றில கழிக்கிறது) போட்டன். சப்ளையர் 90,000தான் எண்டுறார். இந்திய ஜிஎஸ்டி வரி வீடியோ பாத்துத்தான் செய்தனான். ஆர் சரி?

பரந்தன் சந்தி:
பில்லில வரி தனியாப் பிரிச்சுக் கிடக்கோ? உங்களுக்கு வற் பதிவு இருக்கோ? எந்தக் காலாண்டு?

கணக்குப்பிள்ளை:
இலங்கையில ஜிஎஸ்டி 1998 ஏப்ரலில வந்தது, 2002 ஆகஸ்ட் 1 இல வற் வந்ததோட போச்சுது. இந்த அடிப்படையும் தெரியாமல் ரிட்டேன் (வரி அறிக்கை) நிரப்ப வரக்கூடாது. இந்திய வீடியோவில வாற மத்திய, மாநிலப் பிரிப்பு இஞ்சை இல்லை.

முறிகண்டி:
எக்செல் கோளாறாத்தான் இருக்கும். திகதி நிரலைப் பாருங்கோ.

கரடிப்போக்கு கடை:
பதிவு இருக்கு. பில்லில மொத்தம் மட்டும்தான். மேல ‘கேஷ் பில்’ எண்டு கிடக்கு.

பரந்தன் சந்தி:
எக்செல் இல்லை. 590,000 வரியும் சேர்ந்த தொகை. அதை 18 ஆல பெருக்கி 118 ஆல பிரியுங்கோ: வரி 90,000, பொருள் 500,000. நீங்கள் 16,200 கூடக் கேட்டிருக்கிறியள்.
ஆனா கேஷ் பில்லுக்கு அந்த 90,000உம் எடுக்க ஏலாது. ‘டாக்ஸ் இன்வொயிஸ்’ எண்ட சொல், தொடரிலக்கம், திகதி, ரெண்டு பேரின்ர பெயர், விலாசம், பதிவிலக்கம், பொருளின்ர அளவு, வரிக்கு முந்தின பெறுமதி, வரி எல்லாம் தனித்தனியா இருக்கவேணும். சப்ளையரிட்டக் கேட்டு வாங்குங்கோ. இன்வொயிஸ் திகதியிலிருந்து 12 மாதத்துக்குள்ள இன்புட் எடுக்கலாம். ரிட்டேனோட போற இன்புட் இணைப்பில அவரின்ர வற் பதிவிலக்கத்தை ஒரு இலக்கம் பிசகாமல் அடியுங்கோ.

நெல்லுமூட்டை:
தம்பி, நெல்லும் வாங்கி விக்கிறனீரோ? அதுக்கு வற் விலக்கு.

கணக்குப்பிள்ளை:
நெல்லுக்குப் பூச்சிய வீதம்.

நெல்லுமூட்டை:
இல்லை. பூச்சிய வீதம் ஏற்றுமதிக்கு, அதில இன்புட் எடுக்கலாம். உள்ளூரில விளைஞ்சு பதப்படுத்தாத விளைபொருள் விலக்கு, அதில எடுக்க ஏலாது. ரெலிபோன் பில் மாதிரி வரியுள்ள விற்பனை, விலக்கு விற்பனை ரெண்டுக்கும் பொதுவான செலவின்ர இன்புட்டை விற்பனை விகிதப்படி பிரிக்கவேணும்.

கணக்குப்பிள்ளை:
விலக்கு, பூச்சியம் ரெண்டிலயும் வாங்கிறவர் வரி கட்டிறேல்லைத்தானே.

நெல்லுமூட்டை:
வாங்கிறவருக்கு ஒண்டுதான். விக்கிறவரின்ர இன்புட்டுக்குத்தான் வித்தியாசம், இஞ்சை கேள்வியும் அதுதான்.

பரந்தன் சந்தி:
ரிட்டேன் காலாண்டு முடிஞ்ச அடுத்த மாதக் கடைசி நாளுக்குள்ள போகவேணும். இன்வொயிஸ் பிந்தினா இந்த முறை விட்டிட்டு அடுத்த காலாண்டில போடுங்கோ.

கரடிப்போக்கு கடை:
நெல்லு இல்லை. சப்ளையர் டாக்ஸ் இன்வொயிஸ் அனுப்புறன் எண்டிட்டார். வந்தாப் பிறகு 90,000 போடுறன். நன்றி அண்ணை.